இருபது நிமிடத்தில் எதை மறைக்கலாம்?

சுரங்கத்துறை மாநாட்டில் முதல்முறை ஆய்வு வாசிக்கப் போகிற பெடியளுக்கும் பெட்டையளுக்கும் சொல்லப்படுகிற புத்திமதி எப்பவும் ஒன்றுதான். எழுத்தைக் குறை, படத்தைக் கூட்டு, இருபது நிமிடத்துக்குள் முடி, சர்ச்சையான விசயங்களுக்குள்ள போகாத. முதல் மூன்றையும் ஏற்கிறேன். நாலாவதோடதான் எனக்குச் சண்டை.

ஏனென்றால் இந்த மேடைகள் வெறும் படிப்பாளிகளின் மேடைகள் இல்லை. ரொறன்ரோவில் ஒவ்வொரு மார்ச்சிலும், கேப்டவுனில் ஒவ்வொரு பெப்ரவரியிலும் கூடுகிற பெரிய மாநாடுகளில் புவியியலாளரும் முதலீட்டாளரும் அமைச்சரும் ஒரே கூரைக்குக் கீழ நிற்கினம். மண்ணுக்குள் எத்தனை தொன் கிடக்குது என்று நீங்கள் காட்டுகிற ஒரு ஸ்லைட், அங்க பணமாக மாறலாம்.

பிரீ-எக்ஸ் கதையைப் பாருங்கோ. 1997 மார்ச்சில் ரொறன்ரோ மாநாட்டில், இந்தோனேசியாவின் புசாங்கில் தங்கம் கண்டதாகச் சொன்ன அந்தக் கனேடிய நிறுவனத்தின் தலைமைப் புவியியலாளருக்கு ஆண்டின் சிறந்த கனிமத் தேடலாளர் விருது கொடுத்தார்கள். அதே மாதம் வேறொரு நிறுவனம் பக்கத்திலேயே துளையிட்டுப் பார்த்தது. தங்கம் இல்லை. மே மாதம் சுயாதீன ஆய்வு முடிவு வந்தது: மாதிரிகளுக்குள் வெளியில் இருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்தது. வழமையாகத் துளையிட்டெடுக்கும் பாறைத் தண்டை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் வைப்பார்கள். இங்க கிட்டத்தட்ட முழுத் தண்டையும் அரைத்துவிட்டார்கள். திரும்பச் சோதிக்க மிச்சம் வைக்கேல்லை. இதைக் கேட்கவேண்டியவர்கள் கைதட்டிக்கொண்டு இருந்தார்கள்.

முதலீட்டாளர்கள் பணத்தை இழந்தார்கள். 2001 இல் கனடாவில் சட்டவிதி வந்தது: தகுதிபெற்ற நிபுணர் ஒருவரின் பொறுப்பில் இல்லாமல் கனிம வள விபரங்களை நிறுவனங்கள் வெளியிட முடியாது. நல்ல விதி.

இனி பிரேசிலுக்கு வாங்கோ. 2015 நவம்பரில் மரியானாவில் சுரங்கக் கழிவு அணை உடைந்து 19 பேர் செத்தார்கள். 2019 ஜனவரி 25 புருமாஜின்யோவில் இன்னொரு அணை. 270 பேர். பெரும்பாலானவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்களின் சாப்பாட்டுக்கூடமும் அலுவலகமும் அணைக்கு நேர் கீழே இருந்தன. அந்த அணை உறுதியானது என்று சான்றிதழும் இருந்தது! இதற்குப் பிறகு 2020 இல் கழிவு அணைகளுக்கு உலகத்தரம் ஒன்று வந்தது. ஆனால் அது சட்டமில்லை, நிறுவனங்கள் விரும்பி ஏற்கிற ஒன்று.

முதலீட்டாளர் ஏமாந்தால் சட்டம். தொழிலாளி புதைந்தால் வழிகாட்டி. இந்த இடைவெளிக்குப் பேர்தான் 'சர்ச்சையான விசயம்'.

"அப்ப போகாமலே விடுவமா?" என்று கேட்பீர்கள். இல்லை. நாங்கள் போகாவிட்டால் அந்தக் கதிரை காலியாக இருக்காது, வேற ஆள் வந்து இருப்பார். கேப்டவுனில் 2010 முதல் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்ச்சனங்கள் தங்களுக்கென்று மாற்று மாநாடு நடத்துகினம். வெளியில் அவர்கள் கேட்கிற கேள்வியை உள்ளே இருந்தும் ஒருவர் கேட்கவேணும்.

அதனால் உங்கட பேச்சைத் தயாரிக்கும்போது மூன்று ஸ்லைட்டுகளை வெட்டாதேங்கோ. ஒன்று, மாதிரி எப்படி எடுத்தது, எங்க பிழைக்கலாம், ஆய்வுக்குக் காசு தந்தது யார். இரண்டு, கழிவு எங்க போகும், தண்ணீர் எந்த ஆழத்தில் கிடக்குது. மூன்று, அந்த வரைபடத்துக்கு மேல யார் குடியிருக்கினம். நேரம் காணாதென்றால் நிறுவனத்தின் சின்னம் போட்ட ஸ்லைட்டை எடுங்கோ.

இது தூரத்துக் கதை இல்லை. மன்னார்த் தீவில் கனிய மணலுக்காகத் துளையிட்டார்கள். கடல்மட்டத்தில் இருந்து கொஞ்சமே உயர்ந்த அந்தத் தீவில், மணலுக்குள் தேங்குகிற மழைநீர்தான் கிணற்றுத் தண்ணீர். அந்த மணலைப் பற்றி நாளைக்கு ஒரு மேடையில் பேசப்போவது எங்கட பல்கலைக்கழகத்துப் பிள்ளை ஒன்றாகவும் இருக்கலாம். தொன் கணக்கைச் சொல்லட்டும். கிணற்றையும் சொல்லட்டும். கிணற்றை விட்டுவிட்டு வாங்குகிற கைதட்டலுக்கும் 1997 இல் கொடுத்த விருதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.