காய்ச்சல் விட்டதா? அப்போதுதான் உஷார்!

பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. கை கால் எல்லாம் குடைச்சல். தாய் இரவெல்லாம் கண் விழித்தாள்.

நாலாம் நாள் காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை!

"அப்பாடா! காய்ச்சல் விட்டுவிட்டது" என்றாள். இரண்டு இட்லி கொடுத்துப் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள்.

தாயின் மீது குற்றம் இல்லை. சூடு தணிந்தால் வியாதி போய்விட்டது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம்.

ஆனால், வந்தது "டெங்கு" காய்ச்சலாக இருந்தால்?

சூடு தணியும் நாள்தான், ஆபத்து தொடங்கும் நாள்!

காவல்காரன் வீட்டில் திருடன்

ரத்தத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இது புரியும்.

நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் இருக்கின்றன. அவை பிராணவாயுவைச் சுமக்கின்றன. வெள்ளை அணுக்கள் நோய்க் கிருமிகளோடு போராடுகின்றன. அவை உடம்பின் காவல் படை. தட்டணுக்கள் என்று ஒரு வகையும் உண்டு. காயம் பட்டால் ஓடி வந்து ஓட்டையை அடைப்பவை அவைதான். இவை எல்லாம் மஞ்சள் நிறமான ஒரு நீரில் மிதக்கின்றன.

டெங்குவை உண்டாக்குவது ஒரு வைரஸ் கிருமி. கொசு கடிக்கும்போது அது உடம்புக்குள் நுழைகிறது. நுழைந்து எங்கே போகிறது தெரியுமா? வெள்ளை அணுக்களுக்குள்ளேயே புகுந்து குடும்பம் பெருக்குகிறது! காவல்காரன் வீட்டிலேயே திருடன் குடியேறிய கதைதான்.

காவல் படை சும்மா இருக்குமா? திருடனை விரட்ட ரசாயனப் பொருள்களை வாரி இறைக்கிறது. அது அளவு மீறிப் போனால், மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர்கள் இளகிவிடுகின்றன. ரத்தத்தில் உள்ள நீர் வெளியே கசிகிறது. நெஞ்சுக் கூட்டிலும் வயிற்றிலும் போய்த் தேங்குகிறது.

குழாயில் மிஞ்சிய ரத்தம் கெட்டியாகிறது. நாடி தளர்கிறது. கை கால் சில்லிடுகிறது. கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் வந்த 3-ம் நாளிலிருந்து 7-ம் நாளுக்குள், சூடு தணியும் வேளையில் தொடங்குகிறது. ஒரு நாள் அல்லது இரண்டு நாள் நீடிக்கிறது. டெங்கு வந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பெரும்பாலோர் பிழைத்து எழுந்துவிடுகிறார்கள். ஆனால், யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இரண்டாம் முறை

"எனக்கு ஒரு தடவை டெங்கு வந்து போய்விட்டது. இனிப் பயம் இல்லை" என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு.

டெங்கு வைரஸில் நாலு தினுசு உண்டு. ஒன்று வந்து போனால், அந்தத் தினுசு திரும்ப வராது. ஆனால், வேறு தினுசு வரலாம். அப்போது, முதல் தடவை உடம்பு தயாரித்து வைத்த எதிர்ப்புப் பொருளே எதிரிக்கு உதவி செய்துவிடுகிறது. புதிய வைரஸை அது பிடிக்கிறது. ஆனால், கொல்ல முடியாமல் வெள்ளை அணுவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது!

கியூபா நாட்டில் 1977-ல் முதல் தினுசு டெங்கு பரவியது. 1981-ல் இரண்டாம் தினுசு வந்தது. அந்தத் தடவை 158 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்!

எண்ணிக்கை மட்டும் போதுமா?

நம் ஊரில் டெங்கு என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "தட்டணு எத்தனை?" என்பதுதான். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது குறைந்துவிட்டால் வீடே கலங்குகிறது. ரத்தம் தேடி அலைகிறார்கள்.

தட்டணு குறைவது உண்மை. அதைக் கவனிக்க வேண்டியதும் உண்மை. ஆனால், டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீர்க் கசிவுதான். ரத்தப்போக்கு இல்லாதபோது, எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்ற வேண்டியது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய், சரியான அளவில் உப்பு நீர் ஏற்றினாலே பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம்.

பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம் என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிடவும் கூடாது.

இரண்டு நாள் கொடுங்கள்

ஆகவே, நான் கேட்பது ஒன்றுதான். காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள்!

பள்ளிக்கூடத்து ஆசிரியர்களே! சூடு தணிந்த பிள்ளையை மறுநாளே வகுப்புக்கு அழைக்காதீர்கள். முதலாளிகளே! கூலியைப் பிடித்துக்கொள்வோம் என்று மிரட்டினால், நோயாளி எழுந்து வேலைக்கு வரத்தான் செய்வான். அந்த இரண்டு நாளும் லீவு கொடுங்கள். டாக்டர்களே! மாத்திரை எழுதிக் கொடுக்கும்போது, "சூடு தணிந்ததும் இன்னும் கவனமாக இருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

தாய்மார்களே! டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். அவை ரத்தக் கசிவை அதிகமாக்கும். கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் என்று அடிக்கடி குடிக்கக் கொடுங்கள்.

பொறுக்க முடியாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், சிறுநீர் குறைவு, அமைதி இல்லாமல் புரளுதல், அசந்து தூங்குதல் - இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் நல்ல வழக்கம்தான். நெற்றி குளிர்ந்ததும், கையையும் காலையும் தொட்டுப் பாருங்கள். அவை சில்லிட்டிருந்தால், காய்ச்சல் விட்டது என்று மகிழாதீர்கள்.

உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!