"அடுத்த கிழமை வாருங்கள்"

"திருப்தி இல்லையேல் பணம் திருப்பித் தரப்படும்" என்னும் வாசகத்தைப் பட்டினத்துக் கடைகளில் மட்டுமன்றி, எமது கிராமத்து ஒழுங்கைகளில் ஒலிபெருக்கியுடன் வரும் வியாபார வாகனங்களிலும் இன்று கேட்கிறோம். நீரிறைக்கும் இயந்திரம், மருந்து தெளிகருவி, தையல் இயந்திரம் யாவும் இந்த வாக்குறுதியோடுதான் விற்கப்படுகின்றன. பொருள் பழுதாகி நாம் கடைப்படி ஏறும்போதோ கதை வேறு. "கொம்பனிக்கு அறிவித்துவிட்டோம், அடுத்த கிழமை வாருங்கள்" என்பர். அடுத்த கிழமை போனால் கொழும்பிலிருந்து ஆள் வரவில்லை. மூன்றாம் முறை, "நீங்கள் பாவித்த முறைதான் பிழை" என்று பழி எம்மேல் விழும். பஸ் காசும் இழந்த நாட்கூலியும் சேர்ந்து பொருளின் பெறுமதியில் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றன.

இந்த "அடுத்த கிழமை" வெறும் அலைச்சல் மட்டுமல்ல. எமது உரிமையே அதற்குள் கரைந்து போகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, விற்பனையாளரோ உற்பத்தியாளரோ கொடுத்த உத்தரவாதத்துக்கு அமையாத பொருளைப் பற்றி அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். விசாரணையின் பின்னர் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம். ஆனால் அந்த முறைப்பாடு, பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்யப்பட வேண்டும். பழுதான நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து!

பட்டினத்தில் மின்விசிறி வாங்குபவருக்கு இது போதுமான காலமாக இருக்கலாம். கமக்காரனுக்கு எப்படி? ஆவணியில், விலைக்கழிவு இருக்கும்போது தெளிகருவி வாங்குகிறான். ஐப்பசி மழையோடு பெரும்போக விதைப்பு. மருந்தடிக்க அதை முதன்முதலாகத் தோளில் ஏற்றும்போது கார்த்திகை பிறந்துவிடுகிறது. அன்றே அது இயங்க மறுத்தாலும் மூன்று மாதம் முடிந்திருக்கும். கையிலுள்ள பத்திரத்தில் ஒரு வருட உத்தரவாதம் என்று அச்சிட்டிருக்கும். ஒரு வருடத்துக்கு வாக்குக் கொடுப்பவனிடம் மூன்று மாதத்துக்குள் மட்டுமே கேள்வி கேட்கலாம் என்பது எமக்கு நியாயமாகப் படவில்லை. உத்தரவாதக் காலம் முடியும்வரை முறைப்பாடு செய்ய இடமளிக்கும் வகையில் இந்த விதி திருத்தப்பட வேண்டும். கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் இதனை எழுத்தில் கேட்க வேண்டும்.

அதுவரை எமது கையில் இருப்பது அவதானம்தான். வாங்கிய பொருளைப் போகம் வரும்வரை பெட்டியோடு பரணில் வைக்காமல், வாங்கிய கிழமையிலேயே தண்ணீர் ஊற்றி இயக்கிப் பார்க்க வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டே வாங்க வேண்டும். கேட்டால் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. இப்போது பல கடைகளில் தரும் வழுவழுப்பான சிட்டையில் எழுத்து சில மாதங்களில் மங்கி வெறுந்தாளாகிவிடும். அன்றே பிரதி எடுத்து வையுங்கள். வாய் சொன்னதும் பத்திரம் சொல்வதும் ஒன்றா என்றும் பாருங்கள். வாய் "காசு திருப்பித் தருவோம்" என்கிறது. பத்திரத்தில் "பழுதுபார்த்துத் தரப்படும்" என்று மட்டும் இருக்கிறது. அப்படியாயின் சொன்னதைப் பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காமல் வரலாம்.

பழுது என்று கண்டவுடன் வாய்ப்பேச்சோடு நிற்காமல், வாங்கிய திகதி, விலை, பழுது, கேட்கும் பரிகாரம் என்பவற்றை எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்ப வேண்டும். இரண்டு கிழமைக்குள் பதில் இல்லையேல் அதிகாரசபைக்கு எழுதலாம். சட்டத்தரணி இல்லாமலே, தமிழிலேயே எழுதலாம். தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பு தந்த உரிமை. மூன்று மாதம் கடந்தவர்களுக்கும் வழி முற்றாக அடைபடவில்லை. கடை எமது பகுதியிலேயே இருந்தால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இணக்கசபைக்குப் போகலாம். அங்கே தீராவிடில், 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தைக் காட்டி வழக்கிடலாம், தெளிகருவி ஒன்றுக்காக யார் அவ்வளவு தூரம் போவார் என்பது வேறு கதை.

எமது மக்கள் எழுதத் தயங்குவதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. அதே கடையில் கொப்பியில் கடன் இருக்கிறது. பசளையும் விதைநெல்லும் அடுத்த போகத்துக்கு அங்கேதான் எடுக்க வேண்டும். முதலாளியைப் பகைத்துவிட்டு எங்கே போவது? இந்தப் பயத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சின்னக் கடைக்காரரும் பல வேளைகளில் இறக்குமதியாளரின் மறுப்புக்கும் எமது கோபத்துக்கும் இடையில் அகப்பட்டவரே. ஆகவே தனி ஒருவர் பெயரில் போகும் கடிதத்தோடு, சங்கத் தலைவரின் கடிதமும் சேர்ந்து இறக்குமதியாளருக்கே நேராகப் போகட்டும். ஒரே வகை இயந்திரத்தை வாங்கி ஏமாந்த நாலு பேர் ஒரு கிராமத்தில் இருந்தால், நாலு பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் ஒரே உறையில் இடலாம்.