எத்தனை விசில் வந்துச்சு?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)

மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் போன மாதம் என்னை கேன்டீன் வாசலில் மடக்கினான்.

"கவிதை மட்டும் குடுத்துராதடா. ஏற்கெனவே 43 வந்திருக்கு. அதுல 40 காதல் தோல்வி. நீயாவது ஒரு கட்டுரை குடு."

"எதப் பத்திடா?"

"எதப் பத்தி வேணா எழுது. உருப்படியா இருக்கணும்."

உருப்படியான விஷயம் எனக்கு எங்கே தெரியும் என்று யோசித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை, உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

"தம்பி, எத்தனை விசில் வந்துச்சு?"

இப்போதுதானே வருகிறேன், எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் "மூணும்மா" என்றேன். பழக்கதோஷம்!

ஆகவே, வாசக நண்பர்களே, இந்தக் கட்டுரை குக்கர் விசிலைப் பற்றியது. பக்கத்தைத் திருப்பி காதல் தோல்விக்குப் போய்விடாதீர்கள். உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி தினமும் கேட்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் இருப்பது மதுரையில் ஒரு லைன் வீட்டில். வரிசையாக ஐந்து வீடுகள், நடுவில் பொதுச் சுவர்கள். காலை 7 மணிக்கு ஐந்து அடுப்பில் ஐந்து குக்கர் ஏறும். எது யாருடைய விசில் என்று கண்டுபிடிக்கத் தனித் திறமை வேண்டும். ஒருநாள் பக்கத்து வீட்டு விசிலை நம்முடையது என்று எண்ணி, தங்கச்சி அடுப்பை அணைத்துவிட்டாள். அன்றைக்கு சாம்பாரில் பருப்பு மிதக்கவில்லை, அடியில் கூழாங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதே நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் விசிலை என்ன செய்தார்களோ, அவர்கள் வீட்டிலும் அன்று ஏதோ சத்தம் கேட்டது.

இந்த விஷயத்தில் நிபுணர் எங்கள் அப்பத்தாதான். திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். "அது கடேசி வீட்டுக் குக்கரு. விக்கி விக்கித்தான் கத்தும். நம்மளது ஒரே மூச்சு." ஆனால் அப்பத்தாவுக்கு எண்ணிக்கை நிற்காது. யாருடையது என்று தெரியும், எத்தனை என்று தெரியாது.

அப்பா ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார். மூட்டைக் கணக்கில் ஒன்று குறைந்தாலும் ராத்திரி தூங்க மாட்டார். ஆனால் வீட்டில் அவரிடம் விசில் கணக்கு கேட்டால், பேப்பரில் இருக்கும் குறுக்கெழுத்துப் போட்டியிலிருந்து தலையை எடுக்காமல் "ரெண்டரை" என்பார்.

அரை விசில் என்று ஒன்று உண்டா? இது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. வெயிட் லேசாகத் தூக்கி "புஸ்" என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடுமே, அதைத்தான் அப்பா அரை என்கிறார். "முழுசா கத்தினாத்தான் கணக்கு" என்பது தங்கச்சியின் கட்சி. அம்மா எந்தக் கட்சியும் இல்லை. அடுப்பங்கரைக்கு எழுந்து போய்விடுவாள்.

இனி கொஞ்சம் நம்ம பாடத்துக்கு வருவோம். (ஹெச்.ஓ.டி. அவர்களும் இந்த மலரைப் படிப்பார்.)

பிரெஞ்சுக்காரரான டெனிஸ் பாப்பின் என்பவர் 1679-ல் லண்டனில் ஒரு பாத்திரம் செய்தார். மூடியை இறுக்கித் திருகி உள்ளே நீராவியை அடைத்து வைத்தால் எலும்புகூட மெத்தென்று வெந்துவிடும் என்று ராயல் சொசைட்டி பெரிய மனிதர்களுக்குக் காட்டினார். பாத்திரம் வெடிக்காமல் இருக்க அதில் ஒரு சேஃப்டி வால்வும் வைத்தார். அதே மனிதர்தான் 1690-ல் நீராவியால் பிஸ்டனைத் தள்ளும் யோசனையையும் எழுதினார். அதாவது நம் தெர்மல் பாடத்துக்கும் அம்மாவின் குக்கருக்கும் தாத்தா ஒருவரே! பாய்லர் மவுன்டிங்ஸ் என்று நாம் உருப்போடும் டெட் வெயிட் சேஃப்டி வால்வு வேறொன்றுமில்லை, குக்கர் வெயிட்தான். பியூசிபிள் பிளக் என்று படம் போட்டு 5 மார்க் வாங்குகிறோமே, அதன் தம்பிதான் குக்கர் மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு. ரொம்பச் சூடானால் உள்ளே இருக்கும் உலோகம் உருகி வழி விட்டுவிடும்.

கணக்கும் சுலபம். வெயிட் உட்காரும் துவாரம் 3 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தத்தை அடக்கி வைக்க அந்தத் துவாரத்தின் மேல் 70 கிராம் இருந்தால் போதும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 120 டிகிரிக்குப் போகும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. ஊட்டியில் இதற்கு நேர் எதிர். 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே துவரம்பருப்பை வேகவைக்க நினைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

கவனியுங்கள், விஷயம் இங்கேதான் இருக்கிறது. 120 வந்துவிட்டால் அதற்குமேல் நீங்கள் எவ்வளவு தீ வைத்தாலும் உள்ளே சூடு ஏறாது. அதிகப்படியான ஆவிதான் வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும். அந்தச் சத்தம்தான் விசில். அப்படியானால் விசில் எதைச் சொல்கிறது? பருப்பு வெந்ததையா? இல்லை! "கேஸ் வீணாகிறது" என்று சொல்கிறது. 14.2 கிலோ சிலிண்டரை விசில் விசிலாக ஊதித் தள்ளுகிறோம்.

இதை வீட்டில் சொன்னேன். "படிச்சு கிழிச்சது போதும், போய் தேங்கா வாங்கிட்டு வா" என்றாள் அம்மா. விடுவேனா? செமஸ்டர் லீவில் ஒரு வாரம் பருப்பு வேகவைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ரெக்கார்டு நோட்டு, ஸ்கேல், போனில் ஸ்டாப் வாட்ச் சகிதம் அடுப்பங்கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தினமும் அரை டம்ளர் துவரம்பருப்பு, 2 டம்ளர் தண்ணீர்.

திங்கட்கிழமை, பெரிய பர்னர், முழுத் தீ. முதல் விசில் வந்த பிறகு மூன்றே நிமிடத்தில் இன்னும் நாலு. ஆக ஐந்து விசில். திறந்தால் பருப்பு நறுக் நறுக். செவ்வாய்க்கிழமை, முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து 10 நிமிடம். மொத்தம் இரண்டே விசில். பருப்பு வெண்ணெய்! ஐந்து விசிலில் வேகாதது இரண்டு விசிலில் குழைந்துவிட்டது. புதன்கிழமையும் அதேதான். ஆக, விசில் ஒரு அளவே இல்லை, நிமிடம்தான் அளவு என்று ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் ரிசல்ட் எழுதினேன்.

ஆனால் நான் எழுத வந்த ரிசல்ட் அதுவல்ல.

வியாழக்கிழமை நான் ஸ்டாப் வாட்சும் கையுமாக இருந்தபோது அம்மா அடுப்பங்கரைக்குள் வந்தாள். கையில் கிளை நூலகத்துப் புத்தகம், விரலை நடுவில் செருகியிருந்தாள். மூன்று தடவை தேதி நீட்டி வாங்கி வைத்திருந்த தடிமனான நாவல். நின்று, குக்கரைப் பார்த்துவிட்டு, "அட, குக்கர் வச்சிட்டியா? எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் நினைவு தெரிந்து அம்மா குக்கரை மறந்ததே கிடையாது. ஜுரத்தில் படுத்திருந்தபோதுகூட போர்வைக்குள்ளிருந்து "நாலு ஆச்சு, அணைச்சிரு" என்று சொன்னவள். சனிக்கிழமை அந்த நாவலை முடித்துவிட்டாள். இரண்டு மாதமாக 60-ஆம் பக்கத்தைத் தாண்டாத புத்தகம்.

பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அம்மா டிவி பார்க்கும்போது பாதிக் காது டிவியில், பாதிக் காது குக்கரில். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசும்போது வாக்கியத்தின் நடுவில் ஒரு விரலை மடக்குவாள். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம், பேச்சின் அபிநயம் என்று நினைத்திருக்கிறோம்! அது மூன்றாவது விசில். அம்மா "எத்தனை விசில் வந்துச்சு" என்று எங்களைக் கேட்பது தெரியாததால் அல்ல. ஒரு தடவையாவது நாங்கள் எண்ணியிருப்போமா என்று பார்க்கத்தானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

இதை ஹாஸ்டல் நண்பன் ஒருவனிடம் சொன்னபோது, "எங்கம்மாவுக்கெல்லாம் அது பழகிப்போச்சுடா, அது ஒரு வேலையா?" என்றான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழகிப்போவது வேறு, சிரமம் இல்லாமல் இருப்பது வேறு. பாத்திரம் தேய்ப்பது கைவேலை, தேய்த்து முடித்தால் முடிந்தது. விசில் எண்ணுவதில் கைக்கு வேலை இல்லை. காதுக்கு வேலை, அதற்கு விடுமுறை கிடையாது. தொழிற்சாலையில் சர்ட்டிபிகேட் உள்ள அட்டெண்டன்ட் இல்லாமல் பாய்லரை ஓட்டக் கூடாது. 1923-ல் போட்ட பாய்லர் சட்டம், அதற்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டம் என்று அரசாங்கமே பாய்லரைக் கவனித்துக்கொள்கிறது. அந்த அட்டெண்டன்ட்டுக்கும் ஷிப்ட் முடிந்தால் வேறு ஆள் வருவார். எங்கள் வீட்டு பாய்லர் அட்டெண்டன்ட்டுக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே ஷிப்ட்.

"இதுக்குத்தான் டெக்னாலஜி இருக்கே" என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லீவு முடிந்து காலேஜ் திறந்ததும், "முதல் விசில் வந்ததும் சிம்ல வை, போன்ல பத்து நிமிஷம் அலாரம் வை, அவ்வளவுதாம்மா" என்று கற்றுக்கொடுத்துவிட்டுப் பெருமையாகக் கிளம்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். முதல் விசில் வந்தது. அம்மா எழுந்து போய் சிம்மில் வைத்து, போனை அழுத்திவிட்டு வந்து புத்தகத்தை எடுத்தாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போனை எட்டிப் பார்த்தாள். அலாரம் அடித்தது. அப்பா இருந்தார், தங்கச்சி இருந்தாள், நான் இருந்தேன், அப்பத்தா திண்ணையில் இருந்தாள். எழுந்தது யார் என்று சொல்ல வேண்டுமா? "உன் அலாரத்துக்கு விசிலே தேவலடா, அத அணைக்கவாவது வேணாம்" என்றாள்.

நான் கண்டுபிடித்தது சரியான கணக்கு, ஆனால் தப்பான கேள்விக்கு. விசிலா நிமிடமா என்பதா பிரச்னை? யார் காது என்பதுதான் பிரச்னை. மிக்ஸி வந்தது, கிரைண்டர் வந்தது, குக்கர் வந்தது, கைக்கு வேலை குறைந்தது உண்மை. காதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை, வீட்டு வேலையில் பங்கு எடுக்கிறேன் என்று சொல்கிற ஆண்பிள்ளைகள் (நானும்தான்) முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியது துடைப்பத்தை அல்ல, இந்த எண்ணிக்கையை. "என்ன செய்யணும் சொல்லும்மா, செய்றேன்" என்பது உதவியே இல்லை. அதிலும் நினைவில் வைத்துக்கொண்டு சொல்கிற வேலை அம்மாவுக்குத்தானே!

அன்று ராத்திரி சாப்பாட்டில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்பாதான் ஆரம்பித்தார், "அப்ப கிழமை பிரிச்சிக்குவோம்." மண்டியிலிருந்து ஒரு பழைய பேரேட்டைக் கொண்டுவந்து, கோடு கிழித்து, அடுப்பங்கரை ஆணியில் மாட்டினார். திங்கள், வியாழன் அப்பா. செவ்வாய், வெள்ளி தங்கச்சி. மீதி நான். அம்மா பேர் எந்தக் கட்டத்திலும் இல்லை. நிமிடக் கணக்கைப் பற்றி நான் சொன்னதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூட்டை எண்ணுகிற மாதிரி நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று விசிலைத்தான் குறிக்கிறார். அது அவர் சௌகரியம்.

முதல் இரண்டு வாரம் இரண்டு தடவை சாம்பார் அடிப்பிடித்தது. ஒரு தடவை சாதம் குழைந்து கஞ்சியாகிவிட்டது. அம்மா எழுந்து ஓடி வரத்தான் செய்தாள். "நீங்க போங்க, எனக்கே வயித்தக் கலக்குது" என்று அப்பாவை விரட்டவும் செய்தாள். அப்பா நகரவில்லை. போன வியாழக்கிழமை நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா பேனாவும் கையுமாக அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கூடத்தில் அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் புதுப் புத்தகம். நான் உள்ளே வந்ததையும் கவனிக்கவில்லை.

திண்ணையிலிருந்து அப்பத்தாதான் கேட்டாள். "ஏப்பா, எத்தனை வந்துச்சு?"

"ரெண்டரை ஆத்தா."