சிலைக்கு அப்பால் ஒரு மரியாதை

ஏட்ரியாட்டிக் கடலின் வடகோடியில், பீடபூமிக்கும் நீருக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் திரியெஸ்த் நகரத்தை 1719-ஆம் ஆண்டில் புனித ரோமானியச் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸ் சுதந்திரத் துறைமுகமாகப் பிரகடனம் செய்தபோது, அவர் நாடியது வாணிப லாபத்தையே. ஆயினும் அதை நம்பிக் கிரேக்கரும் செர்பியரும் யூதரும் ஜெர்மானியரும் வந்து குடியேறி, தத்தம் ஆலயங்களை எழுப்பிக்கொண்டு, இத்தாலியரோடும் ஸ்லோவேனியரோடும் கலந்து வாழ்ந்ததன் பயனாக, அந்நகரம் சரக்குகளைக் காட்டிலும் அரிய மனிதர்களை உலகுக்கு வழங்கிற்று.

அவர்களுள் என் மனத்துக்கு மிகவும் பிரியமானவர், 1861-இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, இத்தாலோ ஸ்வேவோ என்ற புனைபெயரில் எழுதிய எட்டோரே ஷ்மிட்ஸ். வங்கிக் குமாஸ்தாவாக உழைத்து, பின்னர் கப்பல்களின் அடிப்பாகத்துக்குப் பூசும் வர்ணம் தயாரிக்கும் மாமனாரின் தொழிலில் அமர்ந்த அவர், தம் முதல் இரண்டு நாவல்களையும் எவரும் பொருட்படுத்தாமற்போகவே, இலக்கிய ஆசையை ஏறக்குறையத் துறந்துவிட்டிருந்தார். வியாபாரத்தின் பொருட்டு ஆங்கிலம் கற்க 1907-இல் அவர் அமர்த்திக்கொண்ட ஆசிரியரோ, வறுமையோடு போராடிக்கொண்டிருந்த ஐரிஷ் இளைஞர் ஜேம்ஸ் ஜாய்ஸ். மாணவரின் பழைய நாவல்களைப் படித்து மனமாரப் புகழ்ந்தவரும், 1923-இல் ஸ்வேவோவின் 'ஜீனோவின் மனச்சாட்சி' வெளிவந்தபின் அதைப் பாரிஸ் விமர்சகர்களின் பார்வைக்குக் கொண்டு சென்றவரும் அந்த ஆசிரியரே. ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நாவலின் யூத நாயகன் புளூமின் சிருஷ்டியில் ஸ்வேவோவின் சாயல் படிந்திருப்பதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஒரே இனமும் ஒரே பாஷையுமாக இறுகிப்போன ஊரில் இத்தகைய சிநேகம் முளைத்திருக்க இயலாதென்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இவ்விருவருக்கும், பழம்புத்தகக் கடை நடத்திய கவிஞர் உம்பெர்த்தோ சாபாவுக்கும் இன்று அங்கே தெருவோரச் சிலைகள் நிற்கின்றன. மகிழ்ச்சிதான், எனினும் அது போதுமான மரியாதையாகாது. ஏனெனில், முதல் உலக யுத்தத்துக்குப் பின் இத்தாலியின் வசமான அதே நகரத்தில்தான் 1920 ஜூலை 13 அன்று ஸ்லோவேனியரின் 'நரோத்னி தோம்' என்னும் மக்கள் மாளிகையைப் பாசிஸ்டுகள் எரித்தனர்; பின்னர் ஸ்லோவேனியரின் பள்ளிகள் மூடப்பட்டன, குடும்பப் பெயர்கள்கூட இத்தாலிய உருவுக்கு மாற்றப்பட்டன; 1938-இல் முசோலினி யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களை அறிவித்ததும் அந்நகரின் பிரதான சதுக்கத்திலேயே. யூதத் தாய்க்குப் பிறந்த சாபா, யுத்த காலத்தில் ஃபிளாரன்ஸில் மறைந்து வாழ நேர்ந்தது.

அந்த மாளிகை எரிந்ததை ஆறு வயதுச் சிறுவனாகக் கண்டவர் போரிஸ் பாகோர். பிற்காலத்தில் நாஜி வதைமுகாம்களில் தாம் அநுபவித்தவற்றை அவர் தாய்மொழியாகிய ஸ்லோவேனிய மொழியில் எழுதி 1967-இல் வெளியிட்டார். ஆனால் அவர் வாழ்ந்த நாட்டின் இத்தாலிய வாசகர்களிடையே அந்நூல் பரவலாக அறியப்பட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அயலாரின் பாஷையை இழிவாக எண்ணுகிற சமூகம் தன் மகா புருஷர்களைக்கூட அடையாளம் காணத் தவறிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் தேவையில்லை.

எரிப்பு நிகழ்ந்து சரியாக நூறு ஆண்டுகள் கழிந்து, 2020 ஜூலை 13 அன்று, இத்தாலி, ஸ்லோவேனியா ஆகிய இரு நாடுகளின் ஜனாதிபதிகளும் திரியெஸ்தில் கூடியிருக்க, அந்தக் கட்டடத்தை ஸ்லோவேனிய சமூகத்துக்கே திருப்பி அளிக்கும் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 106 வயதான பாகோருக்கு இரு நாடுகளும் உயரிய விருதுகளை அளித்தன. மிகவும் காலங்கடந்து வந்ததாயினும், துறைமுக நகரமொன்று தன் புதல்வருக்குச் செலுத்தத் தக்க மரியாதை இதுவே.