யார் போட்ட பூஜ்யம்?

தோழர்களே, எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று எண்ணித்தான் ஒருத்தனை விஞ்ஞானி என்கிறார்கள். ஸ்டீபன் வீஸ்னரை இந்தத் தராசில் வையுங்கள். அளந்தாலே குலைந்துபோகும் குவாண்டம் நிலைகளை வைத்துக் கள்ளநோட்டு அடிக்க முடியாத பணம் செய்யலாம் என்று 1970 வாக்கில் எழுதினார். ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. 1983இல்தான் அச்சேறியது. அதுவரை மேற்கோள் கணக்கில் அந்த யோசனைக்கு இடமே இல்லை. நண்பர் பென்னட் அதை மறக்கவில்லை. பிரஸ்ஸார்டோடு சேர்ந்து 1984இல் குவாண்டம் மறையீட்டு முறையை அதன்மேல்தான் கட்டினார். பிற்காலத்தில் ஜெருசலேமில் கட்டட வேலை செய்த வீஸ்னர் 2021இல் இறந்தார்.

கதவைச் சாத்துறவனும் அவனே, உள்ளே வந்த தலைகளை எண்ணி 'இவ்வளவுதான் அறிவு' என்கிறவனும் அவனே. இந்தக் கணக்கை நாம ஏன் ஒத்துக்கணும்? எண்ணிக்கையைக் காட்டினால் கேளுங்கள்: எண்ணினது யாரு? திருப்பி அனுப்பினது எத்தனை?