சொல்வழிச் செய்தி: மெய்ம்மறை



நம் குடும்பங்களின் இளையோர் இப்பொழுது கொரிய நாட்டு நாடகங்களைக் கைப்பேசியிற் கண்டு களிக்கின்றனர். அவற்றில் வரும் போர்வீரர் கழுத்து முதல் முழங்கால் வரை செதில் செதிலான கவசம் பூண்டு நிற்கின்றனர். "நம் முன்னோரும் இவ்வாறு அணிந்ததுண்டா?" என்னும் வினா நம்மிடம் வந்துள்ளது. உண்டு என்று ஒரே சொல்லில் விடையிறுத்து அமையலாம். ஆயின் அது பாதி விடையே ஆகும்.

முதற்கண் கொரியரைப் பற்றிச் சிறிது கூறுவோம். அந்நாட்டின் தென்பகுதியில் காயா எனப் பெயரிய சிற்றரசுகள் இருந்தன. இரும்புத் தொழிலில் அவை பெயர் பெற்றவை. கி.பி. 4 முதல் 6 ஆம் நூற்றாண்டு வரையிலான அவர்தம் கல்லறைகளைப் புசான், கிம்ஹே, கோரியோங் முதலிய இடங்களில் அகழ்ந்தபோது, தகடுகளை ஆணியால் இணைத்த மார்புக் கவசங்களும், சிறு தகடுகளைத் தோல்வாரிற் கோத்த கவசங்களும் வெளிப்பட்டன. குதிரைக்குரிய கவசமும் கிடைத்துள்ளது. தலைவன் இறந்தால் அவன் கவசத்தையும் உடன் புதைப்பது அவர் வழக்கம். ஆதலின் அவர் வரலாற்றை இரும்பே எடுத்துரைக்கின்றது.

இக்காயா நாட்டு மன்னன் சூரோவை மணக்க 'அயுத்தா' என்னும் நாட்டிலிருந்து ஓர் இளவரசி கடல் கடந்து வந்தாள் என்று 13 ஆம் நூற்றாண்டில் எழுந்த சம்குக் யூசா என்னும் கொரிய நூல் கூறும். அயுத்தா என்பது நம் ஆய் நாடே என்று துணிவாரும் உளர். ஆய் வேளிரின் பொதியில் நம் பொன்முடிக்கு அண்மையது என்பதால் நமக்கும் அவ்வாறு நம்ப ஆசை எழுகின்றது. ஆசை சான்றாகாது; அதனை அம்மட்டில் விடுவோம்.

நம் நாட்டில் கவசத்தின் வரலாற்றைச் சொற்களே எடுத்துரைக்கின்றன. கவசம் என்பது வடசொல். நம் பழஞ்சொல் மெய்ம்மறை. மெய்யை மறைப்பது என்பது பொருள். மெய்புகு கருவி என்றும் உரையாசிரியர் வழங்குவர். உடல் அதனுட் புகுதலின் அப்பெயர் பெற்றது. இச்சொற்களைப் படைத்தவர் கவசத்தைக் கண்ணாற் கண்டவரே என்பதில் ஐயமில்லை.

புறநானூற்றின் 13 ஆம் பாட்டில் ஒரு கவசம் நன்கு காட்டப்பட்டுள்ளது. சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி ஏறிவந்த யானை மதங்கொண்டு, பகைவனான சேரனது கருவூர்க்குள் அவனைக் கொண்டு சென்றுவிட்டது. சேரமான் அந்துவஞ்சேரல் இரும்பொறை மாடத்தின்மேல் நின்று, உடனிருந்த புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரை நோக்கி, இவன் யார் என வினவுகின்றான். புலவர் முதலிற் சுட்டுவது அச்சோழனது புலித்தோற் கவசத்தையே. அதன் அழகிய இணைப்புகள் சிதையும்படி அம்புகள் கிழித்துள்ளன. அவ்வாறு சுட்டியபின், இவன் தீங்கின்றித் திரும்புக என்றும் வாழ்த்துகின்றார். பகையரசன் அவையிலேயே இருந்துகொண்டு இங்ஙனம் வாழ்த்திய புலவரின் நெஞ்சுரம் நாம் போற்றத்தக்கது. நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது வேறு: அக்கவசம் தோலாலானது, அணிந்திருந்தவன் அரசன்.

இனிப் பதிற்றுப்பத்தைக் காண்போம். அது முழுதும் சேரரைப் பாடிய நூல். இன்று நாம் குடியேறி வாழும் இக்கேரள நாட்டின் பழைய அரசர் அவரே. அந்நூலில் மெய்ம்மறை என்னும் சொல் அரசனுக்கே பட்டப்பெயராகப் பன்முறை வருகின்றது. சான்றோர்க்கு அவன் கவசம், வில்லோர்க்குக் கவசம், மழவர்க்குக் கவசம் எனப் புலவர் புகழ்கின்றனர். சான்றோர் என்பது ஈண்டுக் கற்றோரைக் குறிப்பதன்று, போர்வீரரைக் குறிப்பது. வீரர்க்கு முன்னே சென்று, அவர்மேல் வரும் படைக்கலத்தைத் தன் மார்பில் ஏற்பவனே அரசன் என்பது கருத்து. புகழ்ச்சியைப் போல் ஒலிப்பினும் இஃது அரசன்மேல் சுமத்திய கடன் என்றே நாம் கொள்கின்றோம்.

அக்கடனைச் செலுத்திய சேரனும் உளன். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பிற் பாய்ந்த வேல் முதுகின் வழியே வெளிப்பட்டது என்பர். முதுகிற் புண் பட்டதே என நாணி அவன் வடக்கிருந்து உயிர் நீத்தான். மார்பிற் படும் விழுப்புண்ணைப் பேறாகக் கருதிய அக்காலத்தில் மார்பை மூடுதல் பெருமையாக எண்ணப்படவில்லை.

அரசன் நிலை இதுவாயின் படைவீரன் நிலை யாது? செங்கம் வட்டாரத்து நடுகற்களை நோக்குக. ஆநிரை மீட்டு மாண்டவர்களும் ஊர் காத்து வீழ்ந்தவர்களும் வாளும் வில்லும் ஏந்தி நிற்கின்றனர். இடையில் ஆடை உண்டு, மேனி பெரும்பாலும் வெறுமையே. சட்டையிட்ட காவலராக முல்லைப்பாட்டு காட்டுவது யவனரையே. அயலவர் என்பதனாலேயே அவரது சட்டை புலவர் கண்ணில் பட்டது. சேரநாட்டு வழக்கமும் இவ்வாறே தொடர்ந்தது. 1516 ஆம் ஆண்டளவில் மலபாரைப் பற்றி எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, இடைக்கு மேல் ஆடையின்றி வாளும் பரிசையும் ஏந்திய நாயர் படையை விவரிக்கின்றார். களரியில் இன்றும் காண்பது அதுவே: எண்ணெய் பூசிய மேனி, கையில் வாள், மறு கையில் பரிசை. கவசத்தின் வேலையைக் கேடகம் செய்தது. கேடகத்திற்குத் தோல் என்றே பழம்பெயர் உண்டு.

இந்நாளைய திரைப்படங்களில் சோழப் படையினர் உரோமானியரைப் போல் உலோக மார்பட்டைகளோடு அணிவகுப்பதைக் காண்கின்றோம். கண்ணுக்கு இனிய காட்சிதான். அதனை வரலாறென்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் தகாது. வெற்று மார்போடு நின்றவனுக்கு இல்லாத இரும்பைப் பூட்டுவது அவன் செய்த செயலைக் குறைப்பதாகும்.

தட்பவெப்பமும் ஒரு காரணமாதல் வேண்டும். பொன்முடியில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் துடைத்து வைத்த கவாத்துக் கத்தி துருவேறுகின்றது. தோற்செருப்பில் பூஞ்சணம் படர்கின்றது. இந்நிலத்தில் இரும்புச் சட்டையைப் பேணுதல் எளிதன்று. தோற்கவசமோ மண்ணில் மக்கி மறைந்துவிடும்.

பிற்காலத்தில் குதிரைப்படை பெருகியதும் நிலை சற்று மாறியது. 1520 ஆம் ஆண்டளவில் கிருஷ்ணதேவராயரின் விஜயநகரத்தில் படை அணிவகுப்பைக் கண்ட டோமிங்கோ பயஸ், பதப்படுத்தாத தோலைப் பல அடுக்காக வைத்து, இரும்புத் தகடுகள் சேர்த்த சட்டைகளைக் குறிப்பிடுகின்றார். சில தகடுகள் பொன் முலாம் பூசியவை, சில வெள்ளியாலானவை.

அடுக்கடுக்காகத் தைத்த துணியும் காப்பே. நம் பெண்மணிகள் கொழுந்து பறிக்குங்கால் இடுப்பில் தடித்த சாக்கைச் சுற்றிக்கொள்வது, தேயிலைக் குச்சி கிழியாமலும் ஈரம் தாக்காமலும் இருப்பதற்கன்றோ! கொரியர் இம்முறையைத் துப்பாக்கிக்கு எதிராகவே கையாண்டனர். 1866 இல் பிரெஞ்சுக்காரரின் படையெடுப்பைக் கண்டபின், பருத்தித் துணியைப் பத்துக்கு மேற்பட்ட அடுக்குகளாகத் தைத்துக் குண்டு துளையாச் சட்டை செய்தனர். 1871 சூன் மாதத்தில் அமெரிக்கப் படை கங்வா தீவைத் தாக்கியபோது வீரர்கள் அச்சட்டையோடு போரிட்டனர். கோடை வெப்பம் அவர்களை வாட்டியது. பீரங்கியின் நெருப்பில் பருத்தி தீப்பற்றியது.

யானைக் கவசம் ஒன்றையும் கூறாமல் விடலாகாது. இராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னையில் ஆளுநராக இருந்தார். அவர் மனைவி ஹென்றியெட்டா 1801 இல் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்ற பொருள்களுள் ஒன்றாகக் கருதப்படும் முகலாயர் காலத்து யானைக் கவசம் இன்று லீட்சு நகரத்து அரசப் படைக்கலக் காட்சியகத்தில் உள்ளது. சில பகுதிகள் காணாமற் போனபின்னும் அதில் 5,840 தகடுகள் உள்ளன. நிறை 118 கிலோ. இவ்வளவு இரும்பு ஒரு விலங்கிற்கு! அதன் அருகே நடந்த காலாளுக்கு என்ன இருந்தது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

துப்பாக்கி பெருகியபின் கவசத்தின் காலம் முடிந்தது. 1741 இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மர் டச்சுக்காரரை வென்றார். சிறைப்பட்ட டி லென்னாய் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்கே ஐரோப்பிய முறையில் துப்பாக்கியும் பீரங்கியும் பயிற்றினார்.

போர்க்களம் நீங்கிய கவசம் கோயிலிற் புகுந்தது. ஆறன்முளையிலிருந்து ஆண்டுதோறும் சபரிமலைக்கு ஊர்வலமாகச் செல்லும் தங்க அங்கி, 1973 இல் சித்திரைத் திருநாள் மகாராஜா அளித்தது. நம் வீடுகளில் ஒலிக்கும் கவச நூல்களும் உள. தேவராய சுவாமிகளின் கந்தர் சஷ்டி கவசம், பாம்பன் சுவாமிகள் 1891 இல் பாடிய சண்முக கவசம் ஆகியவற்றில் உறுப்பு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காப்பு வேண்டப்படுகின்றது. தகட்டோடு தகடு கோப்பது போன்றதே அம்முறை. முற்காலத்தில் அரசர்க்கும் யானைக்கும் வாய்த்த கவசம், சொல் வடிவில் எளிய குடும்பத்துக் குழந்தைக்கும் கிட்டியது. இம்மாற்றம் நமக்கு மிகவும் உவப்பானது.

விடுமுறையில் நாகர்கோவில் வழியாக ஊர் செல்வோர் தக்கலையில் இறங்கிப் பத்மநாபபுரம் அரண்மனையில் உள்ள பழைய வாள்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில் 1777 இல் மறைந்த டி லென்னாயின் கல்லறை இருக்கின்றது. அதன் கல்லெழுத்து இலத்தீனிலும் தமிழிலும் உள்ளது. தமிழ்ப் பகுதியைப் பிள்ளைகளே படித்துப் பார்க்கட்டும். திங்கட்கிழமைகளில் அரண்மனை மூடியிருக்கும்.