குற்றவாளிக் கூண்டில் தமிழ் உண்டு, அவசர சிகிச்சைப் பிரிவில் இல்லை!



சில மாதங்களாக என் மேசையில் ஒரு கோப்பு கிடக்கிறது. 61 வயது அம்மா. தோட்டம் துண்டாடப்படும் வரை பால்மரம் சீவியவர். 14 ஆண்டுகளாக நீரிழிவு. ஓர் இரவு பதினொரு மணிக்கு அவருக்கு உடம்புக்கு முடியவில்லை. மகன் சிங்கப்பூரில் இரவு வேலை. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு அரசாங்க மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இறக்கிவிட்டார். துணைக்கு 12 வயதுப் பேத்தி மட்டும். எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப் போவதில்லை. வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று குடும்பம் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவர்கள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

முகப்பில் இருந்த எம்.ஏ. என்ன செய்கிறது என்று மலாயில் கேட்டார். அம்மா தமிழில் சொன்னார்: “நெஞ்சுல வாயு புடிச்ச மாதிரி இருக்குய்யா. தோள்பட்டை உளையுது. வேர்த்துக் கொட்டுது.” பேத்தி மலாயில் சொன்னாள்: “நெனெக் ஆடா ஆங்கின்.” பாட்டிக்குக் காற்றாம்! தோள்பட்டையும் வேர்வையும் அந்தக் குழந்தையின் மலாய்க்குள் வரவே இல்லை. பச்சை மண்டலம். உட்காருங்கள், கூப்பிடுகிறோம்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு சரிந்து விழுந்தார். அப்போதுதான் இசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு. உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் இன்று வீட்டு வாசலிலிருந்து சாலை முனை வரை நடக்க இரண்டு முறை உட்கார வேண்டியிருக்கிறது. “நான்தான் தப்பா சொல்லிட்டேன்” என்று அந்தப் பேத்தி என் அலுவலகத்தில் அழுதாள். 12 வயதுக் குழந்தையின் தலையில் இந்தப் பாரத்தை ஏற்றி வைத்தது யார்?

இதைச் சொன்னவுடன் நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள்: இதில் இனப் பாகுபாடு எங்கே இருக்கிறது? யாரும் அந்த அம்மாவைத் திட்டவில்லையே, துரத்தவில்லையே!

உண்மை. யாரும் திட்டவில்லை. வில்லன் இருந்தால் வழக்கறிஞனுக்கு வேலை சுலபம். இங்கே வில்லன் இல்லை. நோயாளியின் வாய்ச் சொல்லை வைத்து முதல் ஐந்து நிமிடத்தில் உயிரின் அவசரத்தை முடிவு செய்கிற ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலுக்கு நம் சொல் கேட்பதில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது கொல்கிறது.

இது என் ஆவேசமல்ல. மருத்துவ ஆராய்ச்சிகளைப் பாருங்கள். அமெரிக்காவில் 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. மூன்றில் ஒருவர் மருத்துவமனைக்கு வந்தபோது நெஞ்சுவலியே இல்லாமல் வந்திருக்கிறார். இப்படி வந்தவர்களில் மூத்தோர், பெண்கள், நீரிழிவுக்காரர்கள் அதிகம். நெஞ்சுவலியோடு வந்தவர்களில் 9.3 விழுக்காட்டினர் மருத்துவமனையில் இறந்தார்கள். வலி இல்லாமல் வந்தவர்களில் இறந்தவர்கள் 23.3 விழுக்காடு. களைப்பு, மூச்சு முட்டல், வாயு, வாந்தி என்று வருகிற மாரடைப்பைத்தான் முகப்பில் தவறவிடுகிறார்கள் என்பது அதன் பொருள்.

இப்போது நம் உடம்புகளைப் பார்ப்போம். சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில், இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மலாய்க்காரர்களில் 22 விழுக்காடு, சீனர்களில் 15.1 விழுக்காடு. மக்கள் தொகையில் நாம் சுமார் 7 விழுக்காடு. ஆனால் தேசிய இதய நோய்ப் பதிவேட்டின் 2006 முதல் 2010 வரையிலான கணக்கில், தீவிர இதய நோயோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் இந்தியர். மூன்று மடங்கு! நாட்டிலேயே அதிகமாக நீரிழிவும் இதய நோயும் சுமக்கிற சமுதாயம், அந்த நோய் எந்த மொழியில் முனகுமோ அந்த மொழி தெரியாத வாசலில் வரிசை பிடித்து நிற்கிறது.

குழந்தை மொழிபெயர்த்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு இன்னோர் ஆய்வு. 2012இல் அமெரிக்காவின் இரண்டு குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், ஆங்கிலம் சரியாக வராத ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் மருத்துவரோடு பேசியதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 57 உரையாடல்கள், 1,884 மொழிபெயர்ப்புப் பிழைகள். சிகிச்சையையே பாதிக்கக்கூடிய பிழைகளின் பங்கு, தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இருந்தபோது 12 விழுக்காடு. மொழிபெயர்ப்பாளரே இல்லாதபோது 20. உறவினரோ கையில் அகப்பட்டவரோ மொழிபெயர்த்தபோது 22! ஆளே இல்லாததற்கும் அகப்பட்ட ஆளுக்கும் வித்தியாசமே இல்லை. 100 மணி நேரமோ அதற்கு மேலோ பயிற்சி பெற்றவர் இருந்தபோது 2 விழுக்காடுதான். நூறு மணி நேரம் என்றால் மூன்று வாரத்துக்கும் கொஞ்சம் குறைவான பயிற்சி.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1980இல் நடந்தது மருத்துவச் சட்டம் படிக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த கதை. மயங்கிய 18 வயது இளைஞனின் குடும்பம் ‘இன்டாக்ஸிகாடோ’ என்றது. அவர்கள் ஸ்பானிய வழக்கில் அதற்குச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பது போன்ற பொருள். மருத்துவர்கள் போதைப் பொருள் என்று எடுத்துக்கொண்டார்கள். மூளையில் இரத்தக்கசிவு. கை கால் நான்கும் முடங்கின. இழப்பீடு 7 கோடியே 10 லட்சம் டாலர் வரை போனது. அங்கே இன்டாக்ஸிகாடோ, இங்கே ஆங்கின். ஒரே ஒரு சொல்!

காத்திருப்பே உயிரைக் குடிக்கும் என்பதும் இப்போது எண்ணிக்கையாகவே வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2022இல் வெளியான ஆய்வின்படி, வார்டில் சேர்க்க வேண்டியவர்களை 6 முதல் 8 மணி நேரம் அவசரப் பிரிவிலேயே வைத்தால், அப்படித் தாமதிக்கப்பட்ட 82 பேருக்கு ஒரு மரணம் கூடுதலாக நிகழ்கிறது. 2023இல் வந்த பிரெஞ்சு ஆய்வு 75 வயதைத் தாண்டியவர்களைப் பார்த்தது. படுக்கை கிடைக்காமல் அவசரப் பிரிவிலேயே இரவைக் கழித்தவர்களில் 15.7 விழுக்காட்டினர் இறந்தார்கள். வார்டுக்குப் போனவர்களில் 11.1.

நெரிசல் எல்லா இனத்துக்கும் பொது என்பார்கள். ஆமாம், பொதுதான். ஜொகூர் பாரு பெரியாஸ்பத்திரியில், அதாவது சுல்தானா அமினாவில், 2016 அக்டோபர் 25 அன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து 6 நோயாளிகள் இறந்ததை நாம் மறக்கவில்லை. அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் ஆளும் கருவியும் இடமும் போதவில்லை என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2018 அறிக்கையே எழுதியது. 2021 ஜூலையில் ஒப்பந்த மருத்துவர்கள் ஹர்த்தால் செய்து தெருவுக்கு வந்தார்கள். அந்த எம்.ஏ.வின் மீது எனக்குக் கோபமில்லை. அன்று இரவு அவர் முன்னால் எத்தனை பேர் நின்றார்களோ! ஆனால் நெரிசலில் எல்லாரும் நசுங்கினாலும், சத்தம் போட்டால் கேட்கிற மொழி உள்ளவன் ஒரு விதம், இல்லாதவன் வேறு விதம். 2022இல் மூன்று நிறத்தை மாற்றி ஐந்து படிநிலை வகைப்பாட்டை அமைச்சு கொண்டு வந்தது. நல்லது. ஐந்தாக்கினாலும் பத்தாக்கினாலும், நோயாளி சொன்னது என்ன என்று தெரியாமல் எந்தப் படியில் ஏற்றுவது?

இந்த இடத்தில் என் தொழிலிடத்தில் நான் தினமும் பார்ப்பதைச் சொல்ல வேண்டும். நம் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு. சம்பளம் வாங்கும் அரசாங்க ஊழியர். சாட்சி சொல்வது குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் புரிய வேண்டும் என்பது சட்டம். அவர் விடுப்பில் போனால் வழக்கையே தள்ளி வைப்பார்கள். செம்பனைக் குலை திருடியதாகக் கூண்டில் நிற்கும் தமிழனுக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவன் தாய்க்கு இல்லை! மின்னல் பண்பலையில் அரசாங்கம் தமிழில் பாட்டுப் போடும், செய்தி வாசிக்கும், தேர்தல் வந்தால் வேட்பாளர் தமிழில் வணக்கம் சொல்வார். அவசரப் பிரிவில் மட்டும் துப்புரவுப் பணியாளரையோ ஜாகாவையோ கூப்பிட்டு “இவங்க என்ன சொல்றாங்க?” என்று கேட்பார்கள். அந்த அக்காவும் அண்ணனும் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. அவர்களுக்கு நன்றி. ஆனால் அது ஒரு சுகாதார அமைப்பு ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது? நேர்மையாகச் சொல்கிறேன். கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவில் மதம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் என்று உண்டு. மொழி இல்லை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் நீதிமன்றத்தில் கரை சேர்வது கடினம். கவனக்குறைவுச் சட்டம்தான் நமக்கு வலுவான கயிறு. ஃபூ ஃபியோ நா வழக்கிலும், ஸுல்ஹஸ்னிமார் வழக்கில் 2017இலும் நம் கூட்டரசு நீதிமன்றம் பேசியது: நோயாளிக்கு ஆபத்தை எடுத்துச் சொல்லும் கடமையை, ‘மற்ற மருத்துவர்களும் இப்படித்தான் செய்வார்கள்’ என்ற அளவுகோலால் அளக்க முடியாது. எடுத்துச் சொல்வது என்றால் புரியும்படி சொல்வது என்றுதான் நான் வாதாடுவேன்.

2018இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் டார்ன்லி வழக்கில் ஒரு படி மேலே போனது. தலையில் அடிபட்டு வந்தவரிடம் முகப்பு ஊழியர் நான்கைந்து மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டார். உண்மையில் அரை மணி நேரத்துக்குள் ஒரு தாதி பார்த்திருப்பார். அவர் 19 நிமிடத்தில் எழுந்து போய்விட்டார், பிறகு உடம்பு முடங்கியது. முகப்பில் சொல்லப்பட்ட தவறான தகவலுக்கும் மருத்துவமனை பொறுப்பு என்றது நீதிமன்றம். அதாவது, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, கதவடியிலேயே கடமை தொடங்கிவிடுகிறது.

அதே 2018இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு. இலங்கையிலிருந்து அகதியாகப் போன ஒரு தமிழ்த் தாய். 2009இல் பிரசவம். பால் குடிக்காமல் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. பாலூட்டுவது பற்றிய அறிவுரையை அவருக்குப் புரியும் வகையில் யாரும் சொல்லவில்லை. அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது. பார்க்கிங், ஹேவரிங், ரெட்பிரிட்ஜ் மருத்துவமனை நிர்வாகம்தான் பொறுப்பு என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அது அவசரப் பிரிவு வழக்கல்ல, பிரசவ வழக்கு. இந்தத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தவும் மாட்டா. ஆனாலும் ஈழத்திலிருந்து வெறுங்கையோடு போன தாயின் தமிழுக்கு லண்டனில் கிடைத்த மதிப்பு, ஐந்து தலைமுறையாக இந்த மண்ணில் காடழித்து ரப்பர் நட்டவர்களின் தமிழுக்கு இங்கே கிடைக்காதா?

2007 நவம்பர் 25 அன்று தெருவில் நின்றபோது பள்ளியைப் பேசினோம், கோயிலைப் பேசினோம், குடியுரிமையைப் பேசினோம். சரிதான். அவசரப் பிரிவின் வாசலைப் பற்றி நான் பேசவில்லை. அது என் தவறும்தான். அதற்குப் பிறகு 2018இல் ஓர் அரசாங்கம், 2020இல் இன்னொன்று, 2021இல், 2022இல்… நம் தலைவர்கள் எல்லா ஆட்சியிலும் சக்கர நாற்காலி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நாற்காலிக்கு ஏன் ஒருவர் வந்து சேர்ந்தார் என்று கேட்டவர் யார்?

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. நாடு முழுவதற்கும் ஒரே ஒரு தொலைபேசி எண், 24 மணி நேரம், பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள். ஆஸ்திரேலியா 1973இலிருந்து தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவை நடத்துகிறது. அங்கே தமிழும் உண்டு! தமிழ் மட்டுமல்ல, நாளை ஒரு சீனப் பாட்டிக்கும் ஓர் ஒராங் அஸ்லி தாத்தாவுக்கும் வங்காளதேசத் தொழிலாளிக்கும் அதே எண் உதவும். முகப்புப் பதிவில் நோயாளி பேசும் மொழி என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். முகப்புக்கு வந்ததிலிருந்து இசிஜி எடுக்கும் வரை எத்தனை நிமிடம் என்பதை இன வாரியாக, மருத்துவமனை வாரியாக அமைச்சு வெளியிட வேண்டும். நெஞ்சுவலிக்குப் பத்து நிமிடத்தில் இசிஜி என்பது உலகமெங்கும் உள்ள விதி. அது நீரிழிவுள்ளவர் ‘வாயு’ என்று சொன்னாலும் பொருந்த வேண்டும். இந்தக் கோரிக்கைகளோடு ஜொகூர் மாநில சுகாதார இலாகாவுக்கு மனு தயாராகிறது. கையெழுத்திட விரும்பும் ஆலய நிர்வாகங்களும் பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் நம் வட்டாரப் பொறுப்பாளர்களிடம் பெயர் கொடுங்கள்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் காலத்தைக் கடத்தாதீர்கள். அரசாங்க மருத்துவமனை மீது வழக்குப் போட 36 மாதம்தான் அவகாசம். ஆறு ஆண்டு இருக்கிறது என்று காப்பிக் கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிவுச் சீட்டு, காத்திருப்பு எண், வெளியேறும்போது கொடுத்த தாள் எல்லாவற்றையும் வைத்திருங்கள். மருத்துவ அறிக்கைக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். உரிமை இயக்கத்தின் பக்கத்தில் மலாய்ப் பாடம் நடத்துகிறானே என்று சிரித்தாலும் பரவாயில்லை. அம்மா, அப்பாவின் ஐசியோடு ஒரு துண்டுத் தாளை மடித்து வையுங்கள். அவர்களுக்கு என்ன நோய், என்ன மருந்து என்று மலாயில் தெளிவாக எழுதுங்கள். சாக்கிட் டாடா என்றால் நெஞ்சுவலி. செசாக் நாஃபாஸ், மூச்சுத் திணறல். பெர்பெலுஹ் செஜுக், குளிர்ந்த வேர்வை. கெஞ்சிங் மானிஸ், நீரிழிவு. லெமா செபெலா பாடான், ஒரு பக்க உடம்பு பலமிழந்து போவது. முகப்பில் ‘வாயு’ என்று சொல்ல வேண்டாம். அந்தத் தாளை நீட்டச் சொல்லுங்கள்.